இலக்கம் எழுதாமல் ஓர் எண்

கால்குலேட்டரில் 2-இன் வர்க்கமூலத்தைக் கேளுங்கள். 1.41421356 என்று தொடங்கி இலக்கங்கள் வரும். வந்ததை அதனாலேயே பெருக்கினால் 2 என்று காட்டும். இதே கணக்கைப் பைத்தான் போன்ற நிரல்மொழியில் எழுதி ஓட்டினால் 2.0000000000000004 என்று விடை வருகிறது.

எது சரியான விடை என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. √2-இன் தசம இலக்கங்களுக்கு முடிவு கிடையாது, ஒரே கோர்வை திரும்பத் திரும்ப வருவதும் கிடையாது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படிக்கிறோம். பின்னமாக எழுத முடியாத இத்தகைய எண்களை விகிதமுறா எண்கள் என்கிறோம். கருவியின் நினைவகமோ எல்லைக்கு உட்பட்டது. முடிவில்லாத ஒன்றை அதற்குள் எப்படி வைப்பது? வைக்க முடியாது என்றால், 2 என்று சொன்ன கருவி மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னது?

பல கருவிகள் சில இலக்கங்களைக் கூடுதலாகக் கணக்கிட்டு, காட்டும்போது கடைசி இலக்கங்களை மறைத்துவிடுகின்றன. அங்கே சரியான விடை, மறைத்ததால் வந்தது. ஆனால் உண்மையாகவே √2-ஐ முழுதாக, ஓர் இலக்கமும் விடாமல் வைத்திருக்கும் நிரல்களும் உண்டு. இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

பதினாறாவது இடத்தில் ஒரு வெட்டு

இன்றைய கணினிகள் பின்ன எண்களைப் பெரும்பாலும் 64 இருமத் துணுக்குகளில் வைக்கின்றன. துணுக்கு என்பது 0 அல்லது 1. இந்த முறைக்கு மிதவைப்புள்ளி எண்கள் என்று பெயர். 1985இல் இதற்கு ஒரு பொதுத்தரம் வந்தது. அதை உருவாக்குவதில் முன்னின்ற வில்லியம் கஹானுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது. அதற்குமுன் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட்டது. அந்தக் குழப்பத்தைத் தீர்த்த தரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனாலும் இந்த முறையில் √2-க்கு இடம் கிடையாது. நிரலில் √2 என்று எழுதினால் கணினி உண்மையில் வைத்துக்கொள்வது 6369051672525773 என்பதை 4503599627370496-ஆல் வகுத்த பின்னத்தை. கீழே உள்ள எண், 52 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. உண்மையான √2-க்கும் இதற்கும் முதல் 15 தசம இடங்கள் ஒன்றே. 16ஆவது இடத்தில் 0 இருக்க வேண்டும். கணினியிடம் 1 இருக்கிறது. அதாவது நூறு கோடி கோடியில் சுமார் ஒரு பங்கு வித்தியாசம்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு தாளை வெட்டிப் பார்ப்போம்.

ஏ4 தாளும் சதுரங்களும்

ஏ4 தாளை நீளவாக்கின் நடுவே மடித்து வெட்டினால் இரண்டு ஏ5 கிடைக்கும். பரப்பு பாதியாகும், வடிவம் மாறாது. பாதியாக்கியும் வடிவம் மாறாமல் இருக்க வேண்டுமானால் நீளம் அகலத்தைப் போல √2 மடங்கு இருந்தாக வேண்டும். வேறு எந்த விகிதத்துக்கும் இந்தக் குணம் இல்லை. ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பெர்க் 1786இல் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி எழுதினார். 1922இல் ஜெர்மனி இதைத் தேசியத் தரமாக்கியது. அங்கிருந்துதான் அது உலகமெங்கும் பரவியது.

மனத்தில் ஒரு குறையற்ற ஏ4 தாளை வைத்துக்கொள்வோம். அகலம் 1, நீளம் மிகச் சரியாக √2. இதிலிருந்து பக்கம் 1 உள்ள சதுரத்தை வெட்டி எடுத்தால் ஒரு பட்டை மிஞ்சும். அதன் நீளம் 1, அகலம் √2 − 1, அதாவது 0.4142 சொச்சம். இது முதல் சுற்று.

அந்தப் பட்டையிலிருந்து அதன் அகலத்துக்குச் சதுரங்கள் வெட்டினால் இரண்டு கிடைக்கும். அதற்குமேல் இன்னொரு மெல்லிய பட்டை மிஞ்சும். அதன் அகலம் 0.1716. அதிலும் இரண்டு சதுரம், ஒரு மிச்சம்: 0.0711. அடுத்தது 0.0294. ஒவ்வொரு சுற்றிலும் சதுரங்கள் இரண்டுதான். மூன்றாகவும் ஆகாது, மிச்சமில்லாமலும் போகாது. காரணம் எளிது. பட்டையின் நீளம் அகலத்தைப் போல 2.4142… மடங்கு. இரண்டு சதுரத்தை எடுத்ததும் 0.4142… மடங்கு மிஞ்சுகிறது. 1-ஐ அந்த 0.4142…-ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 2.4142… வருகிறது. புதிய பட்டை, பழைய பட்டையின் சிறிய நகல். ஆகவே வெட்டுவதற்கு முடிவே இல்லை. யூக்ளிட் தம் நூலின் பத்தாம் புத்தகத்தில், இப்படி முடியாமல் போகும் இரு நீளங்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது என்று நிறுவியிருக்கிறார். விகிதமுறா எண் என்பதன் பொருளே அதுதான்.

கடையில் வாங்கும் ஏ4 தாளில் செய்தால் என்ன ஆகும்? அதன் அளவு 297-க்கு 210 மில்லிமீட்டர். மிச்சங்கள் வரிசையாக 87, 36, 15, 6, 3. ஆறாவது சுற்றில் 6-இல் இரண்டு 3 போய் மிச்சமே இல்லை. கடைத்தாளின் விகிதம் 99-க்கு 70 என்ற பின்னம். அதனால் அது முடிந்துவிடுகிறது.

மைனஸில் போன அகலம்

இப்போது குறையற்ற தாளைக் கணினியிடம் கொடுப்போம். விதி ஒரு வரிதான்: முந்தைய பட்டையின் அகலத்திலிருந்து இப்போதைய பட்டையின் அகலத்தை இருமுறை கழித்தால் அடுத்த பட்டையின் அகலம்.

தொடக்கச் சுற்றுகளில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. 21ஆவது சுற்றில் 0.0000000092 வரவேண்டிய இடத்தில் 0.0000000129 வருகிறது. 22ஆவது சுற்றில் கணினி சொல்லும் அகலம் மைனஸ் 0.0000000052. காகிதத்துக்கு மைனஸ் அகலம் ஏது! அதன்பிறகு எண்கள் ஒரு சுற்றில் பிளஸ், மறு சுற்றில் மைனஸ் என்று மாறிமாறிப் பெருகுகின்றன. 44ஆவது சுற்றில் விடை சுமார் மைனஸ் 2.4. அகலம் 1 மட்டுமே உள்ள தாளிலிருந்து இப்படி ஒரு மிச்சம்.

கணினி எங்கே தவறியது? கழித்தலில் இல்லை. ஒன்றுக்கொன்று அருகில் உள்ள இரு எண்களை இந்த முறை துல்லியமாகவே கழிக்கும். 22 சுற்று வரை ஒரு கழித்தலிலும் இம்மியளவு பிழை கிடையாது. தவறு ஒன்றே ஒன்று, அது வெட்டத் தொடங்கும் முன்பே நேர்ந்துவிட்டது: √2-க்குப் பதிலாகப் பக்கத்துப் பின்னத்தை எடுத்துவைத்துக்கொண்டது. கணினி வெட்டியது வேறொரு தாளை. அந்தத் தாளில் இரண்டாவது சதுரத்துக்கு 22ஆவது சுற்றில் இடமே இல்லை. உண்மையான மிச்சம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 2.4 மடங்கு சுருங்குகிறது. பிழையோ அதே 2.4 மடங்கு வளர்கிறது. ஓரிடத்தில் பிழை மிச்சத்தை மிஞ்சித்தான் ஆகும். 16 இலக்கங்களுக்குப் பதில் 1,000 இலக்கங்கள் வைத்துக்கொண்டாலும் அந்த இடம் தள்ளிப்போகுமே தவிர, இல்லாமல் போகாது.

இரண்டு முழு எண்கள்

இனி இலக்கங்களைத் தொடாமல் வெட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு அகலத்தையும் இரண்டு முழு எண்களாக எழுதுவோம்: எத்தனை ஒன்று, எத்தனை √2. முதல் பட்டையில் மைனஸ் ஓர் ஒன்று, ஒரு √2. அதை (−1, 1) என்று குறிப்போம். அகலம் 1 என்பது (1, 0). இரண்டாம் பட்டைக்கு (1, 0)-இலிருந்து (−1, 1)-ஐ இருமுறை கழிக்க வேண்டும். விடை (3, −2), அதாவது 3 − 2√2. அடுத்து (−7, 5). பிறகு (17, −12), (−41, 29), (99, −70).

ஆறாவது ஜோடியில் 99-ம் 70-ம் வந்து நிற்பதைக் கவனியுங்கள். கடைத்தாளின் அதே எண்கள். கடைத்தாளில் ஆறாவது சுற்றில் மிச்சம் பூச்சியம். குறையற்ற தாளில் 99 − 70√2. மில்லிமீட்டரில் சொன்னால் 1-ஐவிடச் சற்றே அதிகம். எட்டாவது ஜோடி (577, −408). 577-ஐ 408-ஆல் வகுத்தால் 1.414215 வருகிறது. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் யாகமேடை அமைப்பவர்களுக்குத் தரும் √2-இன் அளவு சரியாக இந்தப் பின்னம்தான்.

ஜோடியைப் பார்த்து அகலம் பிளஸா மைனஸா என்று எப்படிச் சொல்வது? 99 − 70√2 பூச்சியத்தைவிடப் பெரிதா என்று தெரிய √2-இன் மதிப்பு தேவையில்லை. 99-ஐ 99-ஆல் பெருக்கினால் 9801. 70-ஐ 70-ஆல் பெருக்கி இரட்டித்தால் 9800. முன்னது ஒன்று கூடுதல், ஆகவே பிளஸ். 577-க்கும் 408-க்கும் இதைச் செய்தால் 332929, 332928. மறுபடியும் ஒன்றே வித்தியாசம். எந்தச் சுற்றில் செய்தாலும் வித்தியாசம் ஒன்றுதான். அது பூச்சியம் ஆவதே இல்லை. கணினி தடுமாறிய 22ஆவது சுற்றின் ஜோடி (131836323, −93222358). வர்க்கங்களை ஒப்பிட்டால் பிளஸ் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். முழு எண்கள் எவ்வளவு நீண்டாலும் பைத்தான் அவற்றை முழுதாகவே வைத்துக்கொள்ளும். 44ஆவது சுற்றில் அவை 17 இலக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

பெருக்கலும் இதே போலத்தான். இந்த நிரலுக்கு √2-ஐப் பற்றித் தெரிய வேண்டியது ஒரே ஒரு செய்தி: இரண்டு √2 ஒன்றோடொன்று பெருகினால் அந்த இடத்தில் 2 போட்டுக்கொள். (0, 1)-ஐ (0, 1)-ஆல் பெருக்கினால் (2, 0). எதையும் மறைக்காமல் வந்த 2 இது.

வர்க்கமூலத்தை விரிக்காமல் அப்படியே வைத்துக் கூட்டிப் பெருக்கும் வழக்கம் கணினியை விட மிகப் பழையது. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலிலேயே கரணி என்ற பெயரில் இதற்கு விதிகள் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் அவற்றை மேலும் விரித்தார்.

மூலத்துக்குள் மூலம்

√2-ஓடு √3-ம் கணக்கில் வந்தால் ஜோடி போதாது. 1, √2, √3, √6 என்று நான்கு இடங்கள் வேண்டும். √5-ம் சேர்ந்தால் எட்டு. பத்து வெவ்வேறு பகா எண்களின் வர்க்கமூலங்கள் சேர்ந்தால் 1,024 இடங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே எண் பல முகங்களில் வருவது. 5-ஓடு 2√6-ஐக் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவது √2 + √3 தவிர வேறில்லை. ராமானுஜன் தந்த ஒரு சமன்பாடு இன்னும் வியப்பானது. 2-இன் கனமூலத்திலிருந்து 1-ஐக் கழித்து, மிஞ்சியதற்கும் கனமூலம் எடுங்கள். 1/9, 2/9, 4/9 ஆகியவற்றின் கனமூலங்களில் முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி, நடுவில் உள்ளதைக் கழித்தாலும் அதே எண். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றென்று யாரால் சொல்ல முடியும்? மூலத்துக்குள் மூலமாக எழுதிய எண்களை இப்படி எளிதாக்குவதற்கு ஒரு பொதுவான கணினி வழிமுறையை சூசன் லாண்டாவ் 1989இல் வெளியிட்டார்.

மூலக்குறியால் எழுதவே முடியாத எண்களும் இருக்கின்றன. தன்னையே ஐந்து முறை எழுதிப் பெருக்கினால், தன்னைவிடச் சரியாக 1 கூடுதலாக வரும் ஓர் எண் 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கிறது: 1.1673 சொச்சம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலக்குறி என எத்தனை சேர்த்தாலும் அதை எழுதிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஏபெல், கால்வா இருவரும் கண்ட உண்மை இது. நிரல்கள் அதை எப்படி வைத்துக்கொள்கின்றன என்றால், நான் மேலே சொன்ன வாக்கியத்தைப் போலவே: எந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது, எந்த இரு பின்னங்களுக்கு நடுவில் தனியாக இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் அந்த எண்ணின் முகவரி. குறிப்பிட்ட இடைவெளிக்குள் ஒரு சமன்பாட்டுக்கு எத்தனை விடைகள் உள்ளன என்று விடைகளைக் கண்டுபிடிக்காமலே எண்ணும் வழியை ஸ்டர்ம் 1829இல் தந்திருந்தார். முகவரிக்கு உரியவர் ஒருவர்தானா என்று அதைக்கொண்டு சரிபார்க்கலாம். முகவரி உள்ள இரண்டு எண்கள் சமமா, இல்லையா என்ற கேள்விக்கு எப்போதும் முடிவான பதில் உண்டு.

முகவரி இல்லாத 'பை'

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை'க்கு இப்படிப்பட்ட முகவரியும் கிடையாது. முழு எண்களால் ஆன எந்தச் சமன்பாட்டுக்கும் அது கட்டுப்படாது என்று லிண்டெமன் 1882இல் நிறுவினார்.

அப்படியானால் அதன் செய்முறையையே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1936இல் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் பொருளே கணிக்கத்தக்க எண்கள். ஓர் எண்ணின் இலக்கங்களை எவ்வளவு வேண்டுமானாலும் தந்துகொண்டே போகக்கூடிய நிரல் ஒன்று இருந்தால் அந்த எண் கணிக்கத்தக்கது. நிரல் சில வரிகள்தான். அதற்குள் எண் முழுதும் அடங்கியிருக்கிறது. ஜவுளிக்கடையில் கேட்ட அளவுக்குத் துணியைக் கிழித்துத் தருவது போல, பத்து இடம் கேட்டால் பத்து, ஆயிரம் கேட்டால் ஆயிரம் என்று அது தரும். இரண்டு எண்களைக் கூட்டுவது என்றால், இரண்டு நிரல்களிடமும் தேவையான அளவைக் கேட்டு வாங்கிக் கூட்டித் தரும் மூன்றாவது நிரலை எழுதுவது.

இதில் ஒரு கண்ணி உண்டு. 0.333…-ஐயும் 0.666…-ஐயும் கூட்டும்போது விடையின் முதல் இலக்கம் 0-வா, 1-ஆ? இலக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிரலுக்கு எத்தனை வாங்கினாலும் 9-களே வரும். அடுத்து எங்கோ ஓர் இலக்கம் கூடினால் 1 என்று தாவும், குறைந்தால் 0-விலேயே நிற்கும். நிரல் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் இலக்கத்தைக் கேட்பதை விட்டுவிட்டு வேறு விதமாகக் கேட்கிறார்கள்: கடைசி இடத்தில் ஒன்று கூடவோ குறையவோ இருந்தாலும் பரவாயில்லை, அதற்குள் ஒரு விடை தா. இந்தக் கேள்விக்கு நிரலால் எப்போதும் பதில் சொல்ல முடியும்.

ஹான்ஸ் போம் என்ற கணினி அறிஞர் இந்த முறையில் 1980களிலிருந்தே ஈடுபட்டிருந்தார். பின்னர் கூகுளில் இருந்தபோது ஆண்ட்ராய்டு கால்குலேட்டரின் உள்ளே இதைக் கொண்டுவந்தார். 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6-இலிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது. அதில் 'பை'யைக் கேட்டு, விடையை விரலால் இடப்பக்கம் தள்ளினால் இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். எங்கோ சேமித்து வைத்தவை அல்ல அவை, தள்ளும்போது பிறப்பவை. கோடிக்கணக்கானோர் கையில் இருக்கும் மிக நுட்பமான கணிதங்களில் இதுவும் ஒன்று. கூட்டிக் கழிக்க மட்டுமே அதைத் திறக்கிறோம் என்பது எனக்கு வருத்தம்தான்.

இரண்டும் ஒன்றா?

செய்முறையாக வைத்த எண்களிடம் ஒரு கேள்வி மட்டும் செல்லாது: நீங்கள் இருவரும் சமமா? வேறுவேறாக இருந்தால் எங்கோ ஓர் இடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். சமமாக இருந்தால் எந்த இடத்திலும் தெரியாது. எப்போது நிறுத்துவது என்பதும் தெரியாது.

எவ்வளவு தூரம் பார்த்தால் போதும் என்று கண்ணால் முடிவு செய்வது ஆபத்து. 1914இல் ராமானுஜன் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அழகான சான்றுகள் உண்டு. இயல் மடக்கையின் அடிமானமான 2.71828… என்ற எண்ணை, 'பை'யை √58-ஆல் பெருக்கிய அடுக்குக்கு உயர்த்தினால் 24591257751.99999982 வருகிறது; முழு எண்ணுக்கு அவ்வளவு நெருக்கம். 58-க்குப் பதில் 163 போட்டால் 262537412640768743-க்குப் பிறகு புள்ளி வைத்து வரிசையாகப் பன்னிரண்டு 9-கள். 16 இலக்கங்களோடு நிறுத்தும் கருவி இதை முழு எண் என்றே சொல்லிவிடும். பதின்மூன்றாவது இடத்தைப் பார்த்தவருக்குத்தான் அது முழு எண் அல்ல என்பது தெரியும்.

போம் இதற்கு நடைமுறையில் ஒரு வழி கண்டார். அவருடைய கால்குலேட்டர் செய்முறையை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. முடிந்த இடத்திலெல்லாம் ஒரு பின்னத்தையும், அதைப் பெருக்கி நிற்கும் √2, 'பை' போன்ற தெரிந்த எண் ஒன்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறது. நாம் தாளை வெட்டப் பயன்படுத்திய ஜோடிக்கு இது உறவு. √2-ஐ √2-ஆல் பெருக்கினால் அந்தக் குறிப்பைப் பார்த்தே 2 என்று சொல்லிவிடும். குறிப்பு உதவாத இடங்களில், கேட்ட அளவுக்கு இலக்கங்களைத் தருவதோடு நின்றுகொள்ளும்.

எல்லா இடத்திலும் உதவும் குறிப்பு என்று ஒன்று இருக்க முடியுமா? கணிக்கத்தக்க எண்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் முடியாது என்பது டூரிங்கின் கட்டுரையிலிருந்தே பெறப்படும் முடிவு. மூலங்கள், அடுக்குகள், மடக்கைகள் என்று நாம் பள்ளியில் பழகிய எண்களோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் நிலைமை வேறு. டேனியல் ரிச்சர்ட்சன் அவற்றுக்கு ஒரு வழிமுறை தந்திருக்கிறார். 1960களில் ஸ்டீபன் ஷானுவெல் முன்வைத்த ஓர் ஊகம் மெய்யென்றால், அந்த வழிமுறை சமமா இல்லையா என்று எப்போதும் சொல்லி முடிக்கும். அந்த ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை. அதே ஊகம் மெய்யானால் 'பை'யையும் 2.71828…-ஐயும் கூட்டி வரும் எண் விகிதமுறா எண் என்பதும் உறுதியாகும். இன்று அதுகூட உறுதியில்லை. அந்தக் கூட்டுத்தொகையை ஒரு பிசகும் இல்லாமல் வைத்துக்கொள்ளும் நிரலைச் சில வரிகளில் எழுதலாம். கோடி இலக்கம் கேட்டாலும் தரும். அது பின்னமா இல்லையா என்று மட்டும் இன்றுவரை எந்த நிரலும் சொன்னதில்லை, எந்தக் கணித அறிஞரும் சொன்னதில்லை.